பாட் வாங்கிக் குவித்த நாணயங்கள்: சேவையின் பிழையா, என் பிழையா?

கரையோரம் | ஞாயிறு, இரவு 10.20

மூன்று நாட்களாகச் சரியான தூக்கம் இல்லை. நடந்ததைக் கோவையாக எழுதப் பார்க்கிறேன்.

கிரிப்டோ நாணயங்களைத் தானாக வாங்கி விற்கும் ஒரு சேவைக்கு மாதச் சந்தா கட்டி, என் எக்ஸ்சேஞ்ச் (நாணயம் வாங்கி விற்கும் தளம்) கணக்கை அதனுடன் இணைத்திருந்தேன். சேவையின் பெயரை எழுதப்போவதில்லை. நான் தேர்ந்தெடுத்தது, விலை இறங்க இறங்க மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைத்து, பிறகு சிறு ஏற்றம் வந்தவுடன் விற்றுவிடும் வகை பாட், அதாவது தானியங்கி நிரல். முதல் ஆர்டர் 10 டாலர். அதன் பின் ஒவ்வோர் ஆர்டரும் முந்தையதைப் போல இரு மடங்கு. மொத்தம் எட்டு. பதினோரு வாரங்கள் ஏறக்குறைய தினமும் லாபம் காட்டியது. கடந்த வியாழன் இரவு நான் வைத்திருந்த சிறு நாணயம் ஒன்று சில மணி நேரத்தில் பாதிக்கும் கீழே விழுந்தது. விடிந்து பார்த்தால் எட்டு ஆர்டர்களும் நிறைவேறியிருந்தன. கையிருப்பு முழுவதும் அந்த ஒரே நாணயத்தில் முடங்கிக் கிடக்கிறது. ஸ்டாப் லாஸ், அதாவது விலை குறித்த அளவுக்குக் கீழே போனால் விற்றுவிடச் சொல்லும் கட்டம், காலி. நான் நிரப்பவில்லை, நிரப்பாமல் தொடரலாமா என்று அந்தத் திரையும் கேட்கவில்லை.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ஒப்பந்தத்திலிருந்து ஒரு பத்தியை வெட்டி அனுப்பினார்கள். சாரம் இதுதான்: நாங்கள் கருவி மட்டுமே தருகிறோம், முடிவுகள் பயனருடையவை, இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல.

என் மைத்துனரின் கணக்கையும் நானே இதே அமைப்பில் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உண்மையில் தவறு யாருடையது? தெரிந்தவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

பழையகணக்கு | ஞாயிறு, இரவு 11.05

நண்பரே, முதலில் எண்களைப் பார்ப்போம். 10, 20, 40, 80, 160, 320, 640, 1,280. கூட்டினால் 2,550. திரையில் பெரிதாகத் தெரிவது முதல் ஆர்டரின் 10 டாலர். தொடங்கு என்ற பொத்தானை அழுத்தியபோது நீங்கள் ஒப்புக்கொண்டது 2,550 டாலருக்கு. எட்டாவது ஆர்டரைத் தனியாகப் பாருங்கள்: 1,280. அதற்கு முந்தைய ஏழும் சேர்ந்தே 1,270தான். அதாவது உங்கள் பணத்தில் சரிபாதி, நாணயம் மிக மோசமாக விழுந்துகொண்டிருந்த அந்த ஒரே தருணத்தில் உள்ளே போயிருக்கிறது.

பதினோரு வார லாபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வகை பாட் லாபம் வந்தால் மட்டுமே விற்று முடிக்கும். நஷ்டத்தில் இருப்பவை முடியாத வணிகமாகத் தொங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே முடிந்தவற்றை மட்டும் எண்ணிக் காட்டும் பட்டியலில் வெற்றி விகிதம் எப்போதும் நூற்றுக்கு நூறு. அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் பலர் துணிகிறார்கள். பார்க்க வேண்டிய எண் வேறு: கையிலுள்ள எல்லாவற்றையும் இந்த நிமிடமே விற்றால் என்ன மிஞ்சும்? இதைத் தினமும் ஒரு தாளில் எழுதிவைத்திருந்தால் எட்டாவது வாரத்திலேயே உங்களுக்கு ஏதோ இடறியிருக்கும்.

இறங்கினால் ஏறும் என்ற எண்ணத்தின் மீது கட்டப்பட்டது இந்த முறை. 2022 மே மாதத் தொடக்கத்தில் லூனா என்ற நாணயம் 80 டாலருக்கு அருகில் இருந்தது. ஒரு வாரத்துக்குள் ஒரு சென்டுக்கும் கீழே போனது. வழியெல்லாம் வாங்கிக்கொண்டே போன பாட்கள் சொன்னதைத்தான் செய்தன.

தேன்சிட்டு | திங்கள், காலை 7.15

பழையகணக்கு ஐயாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் எல்லாச் சுமையையும் கரையோரத்தின் தலையில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்டாப் லாஸ் இல்லாமல் பாட்டைத் தொடங்க அனுமதித்தது யார்? இரு மடங்கு என்பதை இயல்பு அமைப்பாக வைத்தது யார்? 2,550 என்ற எண்ணைத் திரையின் மேலே பெரிதாகக் காட்டியிருந்தால் எத்தனை பேர் அந்தப் பொத்தானை அழுத்தியிருப்பார்கள்? இவை அந்த நிறுவனம் எடுத்த முடிவுகள். ஒப்பந்தத்தில் ஒரு பத்தி எழுதிவிட்டால் சட்டப்படி ஒதுங்கிக்கொள்ளலாம். ஒரு மனிதரின் சேமிப்பைத் தொடும் கருவியைச் செய்தவருக்கு அதற்கு மேலும் ஒரு கடமை இருக்கிறது என்பதில் நான் உறுதியாக நிற்கிறேன்.

இயந்திரத்தின் வேகத்தில் மனிதர் தடுமாறுவது சாமானியருக்கு மட்டும் நேர்வதன்று. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிடல் என்ற பெரிய பங்கு வணிக நிறுவனம், தன் தானியங்கி அமைப்பிலிருந்த பிழையால் சுமார் 45 நிமிடத்தில் ஏறக்குறைய 44 கோடி டாலரை இழந்தது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏற்றப்படாமல் விட்டுப்போயிருந்தது. அங்கே முழுநேரம் திரையைப் பார்க்கும் வல்லுநர்கள் இருந்தார்கள்.

பழையகணக்கு | திங்கள், காலை 8.40

தேன்சிட்டு, நீங்கள் சொல்வது நியாயம். அந்தத் திரையை வடிவமைத்தவர்கள் மீது எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தால் பணம் திரும்பாது. ஆர்டர் இவருடைய கணக்கிலிருந்து, இவர் கொடுத்த அனுமதியின் பேரில் போயிருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் அதை இவரே போட்ட ஆர்டராகத்தான் பார்க்கும். இந்தத் தளத்துக்கு வருபவர்கள் பாட்டைத் தொடங்கும் முன்பே இதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் கடுமையாக எழுதுகிறேன்.

நிரல்மேசை | திங்கள், காலை 9.30

இத்தகைய கருவிகளுக்கு நிரல் எழுதிய அனுபவம் எனக்கு உண்டு. கரையோரம், ஒன்று செய்யுங்கள். சேவையின் திரையை விட்டுவிட்டு, எக்ஸ்சேஞ்சுக்குள் நேரடியாகச் சென்று கடந்த மூன்று மாத ஆர்டர் வரலாற்றை இறக்குங்கள். சேவையின் பட்டியலையும் அதையும் வரி வரியாக ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சொல்லுங்கள்.

சாவி பற்றியும் கேட்க வேண்டும். சேவை உங்கள் கணக்கில் ஆர்டர் போட நீங்கள் உருவாக்கிக் கொடுத்த ஏபிஐ சாவியில் என்னென்ன அனுமதிகள் கொடுத்தீர்கள்? குறித்த கணினிகளிலிருந்து மட்டும் சாவி வேலை செய்யும்படி ஐபி முகவரிக் கட்டுப்பாடு வைத்தீர்களா?

கரையோரம் | திங்கள், பிற்பகல் 1.10

இறக்கிப் பார்த்தேன். கை நடுங்குகிறது. 214 வரிகளில் 212 ஒத்துப்போகின்றன. மீதி இரண்டு, சேவையின் பட்டியலில் இல்லவே இல்லை. நான் ஒருபோதும் தேர்ந்தெடுக்காத, பெயரே கேள்விப்படாத ஒரு நாணயத்தை வாங்கி, சில நொடிகளில் விற்றிருக்கிறது. இரண்டிலும் சேர்த்து இழப்பு 38 டாலர். ஒன்பது நாட்களுக்கு முன் நடந்தது.

சாவியில் பார்வையிடுதலும் வணிகமும் மட்டும்தான் அனுமதித்திருக்கிறேன். பணம் எடுக்கும் அனுமதி கொடுக்கவில்லை. ஆகவே பாதுகாப்பு என்று நினைத்தேன். ஐபி கட்டுப்பாடு வைக்கவில்லை.

நிரல்மேசை | திங்கள், பிற்பகல் 1.18

இதைப் படித்தவுடன் அந்தச் சாவியை அழித்துவிடுங்கள். சேவையில் துண்டிப்பது போதாது. எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்புப் பக்கத்துக்குச் சென்று அங்கே அழியுங்கள். மைத்துனர் கணக்கிலும் அதையே செய்ய வேண்டும். முடித்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

பணம் எடுக்கும் அனுமதி இல்லாத சாவியைக் கொண்டும் திருட முடியும். புழக்கமே இல்லாத ஒரு நாணயத்தைத் திருடன் முன்கூட்டியே மலிவாக வாங்கி, பல மடங்கு விலைக்கு விற்பனைக்கு வைத்துவிடுவான். பிறகு உங்கள் சாவியைப் பயன்படுத்தி, உங்கள் கணக்கை அந்த விலையில் வாங்கவைப்பான். உங்கள் டாலர் அவனுக்குப் போகும். உங்களிடம் குப்பை நாணயம் தங்கும். எக்ஸ்சேஞ்சின் கண்ணுக்கு இது இரண்டு வாடிக்கையாளர்களுக்கு இடையே நடந்த சாதாரண வணிகம். 38 டாலர் இழப்பு என்பது சாவி வேலை செய்கிறதா என்று பார்த்த சோதனையாக இருக்கலாம்.

இது கற்பனை அன்று. 2022 அக்டோபரில் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சில், த்ரீகாமாஸ் என்ற பாட் சேவையுடன் இணைந்த சாவிகளைக் கொண்டு, டிஎம்ஜி என்ற புழக்கம் குறைந்த நாணயத்தில் இப்படித்தான் வணிகம் நடத்தினார்கள். பயனர்கள் போலித் தளங்களில் ஏமாந்து சாவியைக் கொடுத்திருப்பார்கள் என்பதே அந்தச் சேவையின் முதல் விளக்கம். டிசம்பரில் ஒருவர், தன்னிடம் ஏறக்குறைய ஒரு லட்சம் சாவிகள் இருப்பதாகச் சொல்லி அவற்றில் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டார். அதன் பிறகுதான், டிசம்பர் 28 அன்று, வெளியான சாவிகள் உண்மையானவை என்று அதன் தலைமை நிர்வாகி ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட வாரங்களில் பழி பயனர்கள் மீதே இருந்தது. தேன்சிட்டு காலையில் எழுப்பிய கேள்விக்கு இது ஒரு பக்கத்து விடை.

மறுபக்கம்: ஐபி கட்டுப்பாடு வைத்திருந்த சாவி திருடு போயிருந்தாலும், வேறு கணினியிலிருந்து அதைப் பயன்படுத்தியிருக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட நாணய இணைகளை (எதைக் கொடுத்து எதை வாங்கலாம் என்பதை) மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதி சில எக்ஸ்சேஞ்சுகளில் இருக்கிறது. அதை வைத்திருந்தால் பெயர் தெரியாத நாணயத்தை வாங்கவே முடிந்திருக்காது. இவை இரண்டும் பயனர் கையில் இருக்கும் பூட்டுகள்.

மழைத்துளி | திங்கள், மாலை 4.50

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் இதில் இறங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். டெலிகிராம் போன்ற அரட்டைச் செயலிகளிலேயே நாணயம் வாங்கி விற்கும் பாட்கள் வந்திருக்கின்றனவே, அவற்றில் ஏபிஐ சாவியே வேண்டாம் என்கிறார்கள். அவை மேலா? மாதம் இத்தனை சதவீதம் உறுதி என்று சொல்லும் சேவை ஒன்றும் கண்ணில் பட்டது.

நிரல்மேசை | திங்கள், மாலை 5.25

சாவி வேண்டாம் என்கிறார்கள், ஏனென்றால் அங்கே நாணயங்கள் இருக்கும் பணப்பையைத் திறக்கும் தனிச்சாவியே அவர்களிடம் இருக்கிறது. பூட்டுகள் போட்ட ஏபிஐ சாவி போனால் சேதத்துக்கு ஓர் எல்லை உண்டு. தனிச்சாவி போனால் பணப்பையில் இருக்கும் அனைத்தும் போகும். திரும்பக் கேட்க அலுவலகம் கிடையாது. டெலிகிராமில் இயங்கும் மாயெஸ்ட்ரோ, யூனிபாட் இரண்டும் 2023 அக்டோபரில் ஒரே மாதத்தில் தாக்கப்பட்டன. அங்கே ஓட்டை, நாணயங்களைத் தானாக மாற்றிக்கொடுக்கும் ஒப்பந்த நிரலில் (ஸ்மார்ட் கான்ட்ராக்ட்) இருந்தது. அந்த நிரலுக்கு அனுமதி கொடுத்து வைத்திருந்த பயனர்களின் நாணயங்கள் போயின. இரு நிறுவனங்களும் ஈடு செய்வதாக அறிவித்தன. அடுத்த முறையும் அப்படி அறிவிக்க ஒருவர் இருப்பார் என்று எண்ணி அங்கே பணம் வைக்காதீர்கள்.

பழையகணக்கு | திங்கள், மாலை 6.10

மழைத்துளி, உறுதியான சதவீதம் என்ற சொல்லைக் கண்டவுடன் எழுந்து போய்விடுங்கள். பிட்கனெக்ட் இப்படித்தான் பேசியது: எங்கள் மென்பொருள் விலை ஏற்ற இறக்கத்தில் வணிகம் செய்து தினமும் லாபம் தரும் என்று. 2018 ஜனவரியில், இந்த லாபத்தை வாக்களித்த கடன் திட்டத்தை மூடியது. அதன் நாணயம் ஒரே நாளில் பெரும்பகுதி மதிப்பை இழந்தது. மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் என்ற நிறுவனமும் மென்பொருள் தானே பெருக்கித் தரும் என்று சொல்லி 29,421 பிட்காயின்களை மக்களிடமிருந்து திரட்டியது. அமெரிக்காவின் சரக்கு எதிர்கால வணிக ஆணையம் 2022 ஜூனில் அதன் மீது வழக்குப் போட்டது. வணிகம் என்ற பெயரில் பணத்தைக் கையாடினார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே ஆணையம் 2024 ஜனவரியில், செயற்கை நுண்ணறிவு பாட்கள் பணம் காய்ச்சும் மரங்களாகிவிடாது என்று பொதுமக்களுக்கு எச்சரிக்கையும் விடுத்தது.

வணிகம் செய்யும் பாட்டுக்கும் செய்வதாகச் சொல்லும் பாட்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. உங்கள் பணம் உங்கள் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலேயே இருந்து, ஒவ்வோர் ஆர்டரும் உங்கள் வரலாற்றில் தெரிந்தால் அது ஒரு வகை. பணத்தை அவர்கள் முகவரிக்கு அனுப்பச் சொன்னால், அங்கே பாட் இருக்கிறதா என்பதையே நீங்கள் அறிய வழியில்லை.

நேர்மையான பாட்டிலும் கட்டணம் அரித்துவிடும். ஒரு பக்கத்துக்கு 0.1 சதவீதம் என்றால் வாங்கி விற்க 0.2. விலைப் படிகளில் கீழே வாங்கி மேலே விற்கும் கிரிட் பாட்டில் படிகளுக்கு இடையே 0.3 சதவீதம் வைத்தால் மிஞ்சுவது 0.1தான். ஆர்டர் நிறைவேறும் விலை நினைத்ததிலிருந்து சற்று வழுக்கினால் அதுவும் போய்விடும். பழைய விலைகளை வைத்துச் சோதித்துக் காட்டும் அழகான வரைபடங்களில் இந்த வழுக்கல் பெரும்பாலும் இருப்பதில்லை.

தேன்சிட்டு | திங்கள், இரவு 8.00

ஒரு சந்தேகம். ஸ்டாப் லாஸ் மட்டும் நிரப்பியிருந்தால் கரையோரம் தப்பியிருப்பாரா?

நிரல்மேசை | திங்கள், இரவு 8.45

நல்ல கேள்வி. ஓரளவுக்குத் தப்பியிருப்பார். ஆனால் அந்த ஸ்டாப் லாஸ் எங்கே வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். பல சேவைகளில் அது எக்ஸ்சேஞ்சில் போட்ட ஆர்டர் கிடையாது. சேவையின் சர்வர் விலையைப் பார்த்துக்கொண்டிருந்து, எல்லை தாண்டியதும் விற்கச் சொல்லி அனுப்பும். அந்த சர்வர் முடங்கினாலும், எக்ஸ்சேஞ்ச் கோரிக்கைகளை ஏற்க மறுத்தாலும், விற்பனை நடக்காது. சந்தை வேகமாகச் சரியும் நேரத்தில்தான் பெரும்பாலும் இவை இரண்டும் நேர்கின்றன. 2021 மே 19 அன்று பிட்காயின் சுமார் 43,000 டாலரிலிருந்து 30,000 வரை சரிந்தபோது பெரிய எக்ஸ்சேஞ்சுகளே தடுமாறின.

எக்ஸ்சேஞ்சிலேயே போட்டிருந்தாலும், சாதாரண ஸ்டாப் எப்போது விற்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது. என்ன விலைக்கு விற்கும் என்பதற்கு அதில் உறுதி இல்லை. 2017 ஜூன் 21 அன்று ஜிடாக்ஸ் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெரிய விற்பனை ஆர்டர் வந்தது. ஈதர் என்ற நாணயம் 300 டாலருக்கு மேலிருந்து ஒரு கணம் 10 சென்டுக்கு இறங்கியது. வழியில் இருந்த ஸ்டாப் ஆர்டர்கள் ஒன்றையொன்று தூண்டி, அந்த அடிமட்ட விலைகளில் விற்றன. பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த எக்ஸ்சேஞ்ச் தன் பணத்திலிருந்து ஈடு செய்தது. குறைந்தபட்ச விலை குறித்த ஸ்டாப் போட்டால் இது நேராது. ஆனால் விலை அதைத் தாண்டிப் போய்விட்டால் விற்காமலே நின்றுவிடும். இரண்டில் எந்த ஆபத்தை ஏற்பது என்று நீங்கள்தான் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

கரையோரம் | செவ்வாய், இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

சாவியை அழித்துவிட்டேன். எக்ஸ்சேஞ்சுக்கு எழுதிக் கேட்டதில், அந்த இரண்டு ஆர்டர்களும் வந்த ஐபி முகவரி மற்ற 212 ஆர்டர்கள் வந்தவற்றுடன் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். ஆறு மாதங்களுக்கு முன், லாபக் கணக்கைத் தொகுத்துக் காட்டும் ஒரு சிறு கருவியை முயன்று பார்த்து, இரண்டே நாளில் விட்டுவிட்டேன். அதற்கும் இதே சாவியைத்தான் கொடுத்திருந்தேன். பார்வையிட மட்டும் தனிச் சாவி உருவாக்கச் சோம்பல்பட்டேன். அதோடு, சாவியின் ரகசியப் பகுதியை மின்னஞ்சல் வரைவில் சேமித்தும் வைத்திருந்தேன். எந்த வழியாகப் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. இந்த இரண்டு வழிகளையும் திறந்து வைத்தது நான் என்பது மட்டும் தெரிகிறது.

மைத்துனரிடம் நேரில் பேசினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எட்டு ஆர்டர் என்றால் மொத்தம் எவ்வளவு என்று அன்றைக்கு என்னிடம் ஏன் சொல்லவில்லை?" அன்றைக்கு எனக்கே தெரியாது என்பதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். சேவையின் திரை என்னிடம் மறைத்ததை நான் அவரிடம் மறைத்திருக்கிறேன். தேன்சிட்டு அந்த நிறுவனத்தைப் பற்றி எழுதியதை அதன் பிறகு மீண்டும் படித்தேன். மைத்துனருக்கு அந்த நிறுவனத்தின் இடத்தில் இருந்தது நான்.

மீதி நாணயத்தில் பாதியை நானே கையால் விற்றேன். நஷ்டம் 900 டாலருக்கு மேல். மிஞ்சிய தொகையை ஒரு தாளில் எழுதிவைத்திருக்கிறேன்.

பழையகணக்கு | செவ்வாய், இரவு 10.15

அந்தத் தாளில் ஆர்டர் வரலாற்றையும் சேர்த்து வையுங்கள். பல நாடுகளில் ஒவ்வொரு விற்பனையும் வரிக் கணக்கில் தனி நிகழ்வு. சந்தா முடிந்ததும் சேவையின் பக்கம் மூடிக்கொள்ளும். அதற்கு முன் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். நூற்றுக்கணக்கான வரிகளைப் பின்னால் நினைவிலிருந்து எழுத முடியாது.

மைத்துனருக்காக நீங்கள் கூலி ஏதும் வாங்கவில்லை என்று நம்புகிறேன். பிறர் பணத்தைக் கூலிக்கு நிர்வகிக்கப் பல நாடுகளில் உரிமம் வேண்டும்.

கரையோரம் | செவ்வாய், இரவு 10.22

கூலி வாங்கவில்லை ஐயா.

நிரல்மேசை | செவ்வாய், இரவு 10.40

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சாவியை அழித்தால், பாட் ஏற்கெனவே போட்டுவைத்த ஆர்டர்களும் தாமாக ரத்தாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அவை எக்ஸ்சேஞ்சில் அப்படியே காத்திருக்கலாம். திறந்த ஆர்டர்கள் பக்கத்தை இப்போதே பாருங்கள்.

கரையோரம் | செவ்வாய், இரவு 11.05

மூன்று இருந்தன. ரத்து செய்துவிட்டேன். மைத்துனர் கணக்கில் ஒன்று இருந்தது. கடவுச்சொல்லை என்னிடம் சொல்ல வந்தார், வேண்டாம் என்றேன். தொலைபேசியில் ஒவ்வொரு படியாகச் சொன்னேன், அவரே ரத்து செய்தார்.